குடல் பாக்டீரியா நோயைத் தடுக்குமா? வயிற்றுப் பூச்சியையும் தடுக்குமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு ஏன் வந்தது, குடல் பாக்டீரியா பூச்சியையும் தடுக்குமா என்று.

முதல் கேள்விக்கு வருகிறேன். பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் கிருமி எளிதில் காலூன்ற முடியாது. ஆன்டிபயாடிக் அந்தக் காவலையும் சேர்த்து அழிக்கிறது. சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்தே வேலை செய்யாது. தயவுசெய்து மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

நம்மூர்க் களியும் இங்கே முக்கியம். கேழ்வரகில் செரிக்காமல் போகும் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் தீனி. நோய் எதிர்ப்பு செல்கள் தேவையில்லாமல் கொந்தளிக்காமலும் அது பார்த்துக்கொள்கிறது.

பூச்சி விஷயம் வேறு மாதிரி. எலிகளைத் தாக்கும் சாட்டைப்புழுவின் முட்டை, குடல் பாக்டீரியா ஒட்டினால்தான் நன்றாகப் பொரிகிறது என்று 2010-இல் கண்டறிந்தார்கள். அதாவது பாக்டீரியா எப்போதும் நம் பக்கம் நிற்பதில்லை. ஆகவே நல்ல பாக்டீரியா இருக்கிறதென்று மோரை நம்பிப் பூச்சி மாத்திரையை விடாதீர்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் என்ற அந்த மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகவே ஏறும், காட்டு வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கும் செருப்பு போட்டுவிடுங்கள்.

மலத்தில் ரத்தமோ, நாக்கு வறட்சியோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.