திருட்டா, கொள்ளையா? சில ஆங்கிலச் சொல் கேள்விகள்

கேள்வி: ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டுக்கும் என் அகராதியில் ‘கடன்’ என்றே இருக்கிறது. பேசும்போது எப்போதும் மாற்றிச் சொல்லி அசடு வழிகிறேன்.

பதில்: தமிழில் கடன் ஒன்றுதான். அது எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கூட வரும் வினை சொல்லிவிடும்: கடன் வாங்கினேன், கடன் கொடுத்தேன். ஆங்கிலத்தில் அந்த வாங்கலும் கொடுத்தலும் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. பாரோ என்றாலே வாங்குவது. லெண்ட் என்றாலே கொடுப்பது. பக்கத்து மேசைக்காரரிடம் ‘உங்க பேனாவை எனக்கு பாரோ பண்ணுங்க’ என்று கேட்டால், பாவம், தன் பேனாவைத் தானே அவர் இரவல் வாங்க வேண்டும். ‘மே ஐ பாரோ’ என்று ‘நான்’ போட்டுக் கேளுங்கள். அல்லது ‘வில் யூ லெண்ட் மீ’ என்று ‘நீங்கள்’ போட்டுக் கேளுங்கள். ஆள் சரியாக இருந்தால் சொல்லும் சரியாக வந்துவிடும்.

ஆங்கிலமும் எல்லா இடத்திலும் இவ்வளவு கறார் இல்லை. ‘ஐ ரென்டட் எ ஹவுஸ்’ என்று குடிபோனவரும் சொல்லலாம், வீட்டுக்காரரும் சொல்லலாம். பின்னால் ‘ஃப்ரம்’ வருகிறதா, ‘டு’ வருகிறதா என்று பார்த்துத்தான் யார் யாரென்று பிடிக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பதும் விடுவதும் நம்மிடம் ஒருநாளும் குழம்பியதில்லை.

கேள்வி: தெஃப்ட், ராபரி, டகாய்ட்டி, பர்க்லரி. செய்தித்தாள் படிக்கும்போது எல்லாம் ‘கொள்ளை’யாகவே படுகிறது. உண்மையில் வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு. நானே அடிபட்ட இடம் இது. வழக்கு ஆவணங்களை மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில், ‘பூட்டை உடைத்து 12 பவுன் நகை கொள்ளை’ என்ற வரியை ராபரி என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மூத்த வக்கீல் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ‘யாரை அடித்தார்கள்?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். வீட்டில் ஆளே கிடையாது. எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இவற்றைப் பிரித்து வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவினை பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. அசையும் பொருளை, அதை வைத்திருப்பவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்க நகர்த்தினால் அது தெஃப்ட். வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது: அடுத்தவர் நிலத்து மரம் வேரோடு நிற்கும்வரை அசையாப் பொருள், எடுத்துப்போகும் எண்ணத்தோடு வெட்டிய கணமே திருட்டு முடிந்துவிட்டது.

மிரட்டி, பொருளை அவர் கையாலேயே கொடுக்க வைத்தால் அது எக்ஸ்டார்ஷன். திருடும்போதோ, திருடியதைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதோ அடித்தாலும், மறித்தாலும், இப்போதே வெட்டிவிடுவேன் என்று பயம் காட்டினாலும் ராபரி. நம் ஊர் ‘வழிப்பறி’ இதன் ஒரு வகை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டகாய்ட்டி. நான்கு பேர் வந்தால் ராபரியோடு நின்றுவிடும். ஐந்தாவது ஆள் வந்தால் குற்றத்தின் பெயரே மாறிவிடும். இந்த டகாய்ட்டி ஆங்கிலேயர் இங்கே வந்து இந்தியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்.

பர்க்லரி இங்கிலாந்துச் சட்டத்தின் சொல். நம் சட்டத்தில் அதன் இடத்தில் இருப்பது ‘ஹவுஸ் பிரேக்கிங்’. அதற்குச் சொல்லப்பட்ட முதல் உதாரணம், சுவரில் ஓட்டை போட்டு அதன்வழியே கையை விடுவது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னம் வைத்தல் என்று நம் பாட்டிமார் சொன்னதைச் சட்டம் அச்சுப் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறது. ‘பூட்டிய வீட்டில் கொள்ளை’ என்று வரும் செய்திகளில் பல, சட்டக் கணக்கில் ஹவுஸ் பிரேக்கிங்கும் திருட்டும்தான். ‘திருட்டு’ என்று போட்டால் தலைப்பில் காரம் குறைகிறது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

ஸ்கூட்டரில் வந்து செயினை அறுத்துக்கொண்டு போவது? பழைய சட்டத்தில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. புதிய சட்டத்தின் 304ஆம் பிரிவில் ‘ஸ்னாட்சிங்’ என்று தனியே வந்திருக்கிறது.

கேள்வி: ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல்?

பதில்: பழங்காலத்தைப் பற்றியது எதுவானாலும் ஹிஸ்டாரிக்கல், வரலாற்றில் இடம்பிடிக்கும் அளவுக்கு முக்கியமானது ஹிஸ்டாரிக். பழைய நிலப் பத்திரம் முதல் வகை. தேர்தல் வெற்றி, கட்சிக்காரர்களைக் கேட்டால், எப்போதும் இரண்டாவது வகை.

கேள்வி: மரத்து நிழலில் உட்கார்ந்தேன் என்பதற்கு ‘ஷேடோ’ என்று எழுதினேன். ‘ஷேட்’ என்று திருத்தினார்கள். நிழல் நிழல்தானே?

பதில்: நமக்கு நிழல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் வெயில் படாத இடம் ஷேட். தரையில் விழும் உருவம் ஷேடோ. ஷேட்டில் உட்காரலாம், பாய் விரிக்கலாம். ஷேடோவுக்குக் கையும் காலும் உண்டு, கூடவே நடந்து வரும். ஷேடோவுக்கு ‘எ’ போடுவார்கள், எண்ணுவார்கள். மரத்தடி ஷேட்டை எண்ணமாட்டார்கள்.

இரண்டும் பிறந்த இடம் ஒன்றே என்பதுதான் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அது ஒரே பெயர்ச்சொல். எழுவாயாக நின்ற வடிவம் ஷேட் ஆயிற்று; வேற்றுமை ஏற்ற வடிவம் ஷேடோ ஆயிற்று. ‘மரம்’ என்பதும் ‘மரத்து’ என்பதும் நாளடைவில் தனித்தனிச் சொல்லாகிப் பொருளையும் பங்கு போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடந்தது.

கேள்வி: ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று வகுப்பில் கேட்கக் கூடாதாமே?

பதில்: இங்கே தாராளமாகக் கேளுங்கள், வாத்தியாருக்குப் புரியும். தமிழில் தெரியாததைக் கேட்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். ஆங்கிலத்தில் டவுட் இரண்டாவது பக்கம் சாய்ந்த சொல். லண்டனிலோ சிட்னியிலோ பேராசிரியரிடம் அப்படிச் சொன்னால், ‘நீங்கள் சொன்னது சரியென்று படவில்லை’ என்று காதில் விழக்கூடும். அங்கே ‘கொஸ்டின்’ போதும்.

கேள்வி: பிரிங், டேக் இரண்டையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை.

பதில்: ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’ என்றே சொல்லிக்கொடுங்கள் டீச்சர், வேறு எதுவும் வேண்டாம். இங்கே தமிழும் ஆங்கிலமும் அண்ணன் தம்பி. பேசுகிறவர் அல்லது கேட்கிறவர் இருக்கும் பக்கம் என்றால் பிரிங். இருவரும் இல்லாத இடம் என்றால் டேக். ‘நாளைக்கு நோட்டைக் கொண்டு வா’, ‘இந்த டிபனைத் தாத்தாவிடம் கொண்டு போ’.

இந்தக் கணக்கைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே போட்டுவிட்டார். தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. ‘எனக்குத் தா, அவனுக்குக் கொடு’ என்று அதன்படி பேச வேண்டும். இன்றைய தமிழில் ‘எனக்குக் குடு’ என்று தளர்ந்துவிட்டது. மலையாளத்தில் இன்னும் அப்படியே கெட்டியாக இருக்கிறது. உங்கள் பள்ளிக்குப் பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை யாராவது வந்தால் பேசவிட்டுக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். விடைபெறும்போது நாம் ‘வரேன்’ என்போம். ‘போறேன்’ என்றால் வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள். அதை நம்பி ஆங்கிலக்காரரிடம் ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

கேள்வி: சுயவிவரத்தில் ‘பாஸ்டு அவுட் இன் 2019’ என்று போட்டிருக்கிறேன். நண்பன் சிரிக்கிறான்.

பதில்: வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால், 2019இல் மயங்கி விழுந்தீர்கள் என்றுதான் அவர்கள் முதலில் படிப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றிவிடுங்கள். ராணுவத்தில் மட்டும் அந்தப் பழைய வழக்கு கௌரவமாகவே இருக்கிறது. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடிக்கும் நாளன்று நடக்கும் அணிவகுப்புக்கே ‘பாஸிங் அவுட் பரேட்’ என்றுதான் பெயர். நீங்கள் அங்கே படித்தவரானால் அந்த வரியில் கை வைக்காதீர்கள்.