வீட்டுச் சோப்பு: கேட்டதும் சொன்னதும்

காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியுமா அக்கா?

முடியாது. எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறினால்தான் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். உருக்கி ஊற்றுகிற சோப்பு பேஸும் காரம் போட்டுச் செய்ததுதான். சரியாக எடை போட்டுச் செய்து ஆறவிட்டால் கட்டியில் காரம் மிஞ்சாது.

வறண்ட சருமத்துக்கு ஒரு அளவு சொல்லுங்கள்.

ஆலிவ் எண்ணெய் 600 கிராம், தேங்காய் எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100, தண்ணீர் 300, சுத்தமான காஸ்டிக் 140. இந்த 140 எப்படி வந்தது? கிராமுக்கு ஆலிவ் 0.135, தேங்காய் 0.183, விளக்கெண்ணெய் 0.128 கிராம் காஸ்டிக் கேட்கும். கூட்டினால் 148.7. அதில் 6 சதவீதம் குறைத்தேன். சோப்பாகாமல் மிஞ்சும் அந்த எண்ணெய்தான் சருமத்தைக் காக்கும்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரை அதன்மேல் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாத்திரம் எவர்சில்வர். அலுமினியத்தைக் காஸ்டிக் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காரத் தண்ணீரும் எண்ணெயும் வெதுவெதுப்புக்கு வந்ததும் சேர்த்துக் கலக்குங்கள். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த கோடு மூழ்காமல் மேலேயே கிடக்க வேண்டும். அப்போது அச்சில் ஊற்றுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெட்டி, 4 முதல் 6 வாரம் காற்றாட வையுங்கள்.

ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெய்?

போடலாம், காஸ்டிக் 139 போதும். சீக்கிரம் சிக்கு வாடை வரும், கொஞ்சமாகச் செய்யுங்கள்.

தராசு இல்லை. டம்ளர் கணக்கு சொல்லுங்களேன்.

மாட்டேன். தராசு வாங்கிவிட்டு வாருங்கள்.

காஸ்டிக் சேர்க்காத முறை ஏதாவது?

முதல் பதிலைப் பாருங்கள். காரமே வேண்டாமென்றால் பாசிப்பயறு மாவு இருக்கிறது.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் மட்டும்தான். நீங்கள் ஏன் 300 கிராமோடு நிறுத்துகிறீர்கள்?

அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். நுரை பொங்கும், அழுக்கோடு தோலின் எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும்.

நாங்கள் வருஷக்கணக்காகக் குளிக்கிறோம், யாருக்கும் தோல் வறளவில்லையே!

காரம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

500 கிராம் எண்ணெய்க்கு 73.

அப்படிச் சொல்லுங்கள்! முழுக் கணக்கு 91.5, நீங்கள் 20 சதவீதம் குறைத்திருக்கிறீர்கள். அவ்வளவு எண்ணெய் மிஞ்சினால் தோல் இழுக்காது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், கடலோரத்துக்கு ஏற்ற சோப்பு. வழக்கமான 5 சதவீதக் குறைப்பில் 87 கிராம் போட்டுச் செய்கிறவர்களுக்குத்தான் என் எச்சரிக்கை. உங்கள் அளவை நானும் சிபாரிசு செய்கிறேன்.

அக்கா, அப்போ என் ஆலிவ் சோப்புக்கும் 20 சதவீதம் குறைக்கட்டுமா?

வேண்டாம், பிசுபிசுக்கும். 6 போதும்.

மூன்று மாதக் குழந்தைக்குப் போடலாமா?

வீட்டுச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான். குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

கையில் காஸ்டிக் பட்டால் வினிகர் ஊற்றலாமா?

கூடாது. குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வீட்டில் அலுமினியச் சட்டிதான் இருக்கிறது, பரவாயில்லையா?

மேலே எழுதியிருக்கிறேன். எவர்சில்வர்.