ஓவியர்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? சொந்த உணர்ச்சி எப்படிப் படைப்பாகிறது?

கண்ணில் படும் ஒரு காட்சி, மனதில் ஏற்கெனவே கிடக்கும் ஒன்றைத் தொட்டுவிடுவதைத்தான் உந்துதல் என்கிறோம். நம்ம குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைப் பாறையில் நின்று எல்லோரும் ஒரே கடலைத்தான் பார்க்கிறார்கள். 2004 சுனாமியில் குளச்சலில் உறவைப் பறிகொடுத்தவருக்கு அது வேறு கடல்.

ஆனால் உணர்ச்சி அப்படியே படமாகிவிடாது. மனம் கொதிக்கும்போது அழ முடியும். எந்த நிறம், எவ்வளவு அழுத்தம் என்று நிதானமாக முடிவெடுக்க முடியாது. நம்ம ஊர் ரப்பர் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வடித்த பாலில் ஆசிட் கலந்து, உறையவிட்டு, அப்புறம் ரோலரில் அழுத்தினால்தான் ஷீட். உறைவதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1914-இல் போரில் மகனை இழந்தார். அவனுக்கான நினைவுச் சிற்பத்தை முடித்தது 1932-இல்! முதலில் மகனின் உடலையும் செதுக்க நினைத்தவர், கடைசியில் அதை விட்டுவிட்டு, மண்டியிட்ட தாய் தந்தையை மட்டும் வைத்தார். மகனின் உருவம் இல்லாததால்தான், பிள்ளையை இழந்த எந்தப் பெற்றோரும் அங்கே தங்களைப் பார்க்க முடிகிறது என்பது என் எண்ணம்.

துயரப்பட்டால்தான் கலை வரும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல, திற்பரப்பு அருவியில் நனைந்த சந்தோஷத்திலிருந்தும் நல்ல ஓவியம் பிறக்கும்.