திரையை நம்புவதா, தாளை நம்புவதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சிறிய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன். டேப்லெட்டில் கடல் வரைபடச் செயலி இருக்கும்போது காகித வரைபடம் வீண் செலவு என்கிறார்கள் நண்பர்கள். இரண்டில் எது நம்பகமானது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: படகு இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதில் மின்னணு வரைபடத்துக்கு ஈடு கிடையாது, இருட்டிலும் மழையிலும் அது செய்யும் உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், போகும் வழியில் என்னென்ன ஆபத்துகள் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பதற்குத் திரையை மட்டும் நம்பக் கூடாது.

2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ உலகப் பாய்மரப் படகுப் போட்டியில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குச் சென்றுகொண்டிருந்த ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கரஜோஸ் பவளத்திட்டில் இரவு நேரத்தில் முழு வேகத்தில் மோதி நின்றது. படகிலிருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். அவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர், கருவிகளும் பழுதாகவில்லை. திரையில் பெரும்பரப்பைப் பார்க்கும்போது அந்த இடத்தில் சுமார் 40 மீட்டர் ஆழமுள்ள கடலடி மேடு மட்டுமே தெரிந்தது. படத்தை நன்றாகப் பெரிதாக்கினால்தான் பவளத்திட்டு தெரியும்படி தகவல்கள் அடுக்கப்பட்டிருந்தன. திரை நெரிசலாகிவிடக் கூடாது என்பதற்காக, பெரும்பரப்பைக் காட்டும்போது பல விவரங்களை மறைத்துவிடுவது இந்த வரைபடங்களின் இயல்பு. காகிதத்தில், அந்தப் பரப்பைக் காட்டும்போது எது முக்கியம் என்று ஒரு வரைபடக் கலைஞர் முடிவு செய்து அச்சிட்டிருப்பார். மேசையில் விரித்தவுடன் அது கண்ணில் பட்டே தீரும். ஆகவே, பயணத்துக்கு முன் முழு வழியையும் தாளில் பாருங்கள். பிறகு அதே வழியைத் திரையில் மிகப் பெரிதாக்கிய அளவில், தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் நகர்த்திக்கொண்டே ஒருமுறை பார்த்துவிடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: ஜி.பி.எஸ். சில மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டுகிறதே, பிறகு எப்படித் தவறு நேரும்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: படகின் இடம் துல்லியமாக இருந்தாலும், பாறையின் இடம் அதே துல்லியத்துடன் வரையப்பட்டிருக்க வேண்டுமே! 2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் ‘கார்டியன்’ என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பல் பிலிப்பைன்ஸின் டுபட்டாஹா பவளத்திட்டில் ஏறியது. கப்பலிலிருந்த டிஜிட்டல் வரைபடங்களுள் ஒன்று அந்தத் திட்டைச் சுமார் 8 கடல் மைல் தள்ளிக் காட்டியிருந்தது. வேறோர் அளவிலான வரைபடத்தில் அது சரியான இடத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் முரண்பாடு தெரிந்திருக்கும். கப்பலை மீட்க முடியாமல், துண்டு துண்டாக வெட்டித்தான் அகற்றினார்கள்.

இதில் காகிதத்துக்கும் விதிவிலக்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் (பாகம் என்பது ‘ஃபேதம்’ என்ற பழைய ஆழ அளவு) அளந்த ஆழங்கள் இன்றும் பல வரைபடங்களில் இருக்கின்றன. அவற்றையே கணினியில் ஏற்றியிருந்தால், திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அளவீடு பழையதுதான். அதிகாரபூர்வ மின்னணு வரைபடத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் அளவீட்டின் தரம் குறிக்கப்பட்டிருக்கும்: ஏ1 என்றால் இடப்பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும், சி என்றால் 500 மீட்டர் வரை போகலாம், டி அதனினும் மோசம். சி என்று குறித்த இடத்தில் பாறையை 100 மீட்டர் தள்ளிக் கடக்கத் துணியாதீர்கள்.

ஜி.பி.எஸ். சமிக்ஞையே பொய்யாவதும் உண்டு. 2017 ஜூனில் கருங்கடலில் நோவரோசிஸ்க் அருகே இருந்த பல கப்பல்களின் கருவிகள், அவை நிலத்தில் ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. கரை தெரியும்போது கலங்கரை விளக்கத்தின் திசையைக் கைத் திசைகாட்டியில் எடுத்து, ஆழமானியின் அளவையும் சேர்த்துத் தாளில் பென்சிலால் இடத்தைக் குறித்துவைத்தால், இத்தகைய பொய் உடனே பிடிபடும். டேப்லெட் அணைந்துபோனாலும் கடைசியாக இருந்த இடம் கையில் இருக்கும்.

கேள்வி: காகித வரைபடங்களே நிறுத்தப்படுகின்றன என்கிறார்களே?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தன் மரபான காகித வரைபடங்களை முழுவதும் விலக்கிக்கொண்டுவிட்டது. பிரிட்டன் 2026 இறுதியில் நிறுத்துவதாக முதலில் அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு குறைந்தது 2030 வரை தொடரும் என்றது. பெரிய கப்பல்களில் அங்கீகரிக்கப்பட்ட மின்னணுக் கருவியோடு மாற்று ஏற்பாடும் கட்டாயம் என்பதால் அங்கே இது பெரிய இழப்பு அன்று. ஒற்றை டேப்லெட்டோடு போகும் சிறு படகுக்குத்தான் இழப்பு. இந்தியக் கடற்பரப்புக்கான வரைபடங்களை டேராடூனிலுள்ள தேசிய ஹைட்ரோகிராபிக் (கடல் அளவை) அலுவலகம் வெளியிடுகிறது. திருத்த அறிவிப்புகளும் அங்கிருந்தே வருகின்றன; தாளில் அவற்றை மையால் திருத்தி, அறிவிப்பின் எண்ணையும் ஆண்டையும் இடது கீழ் மூலையில் எழுதிவையுங்கள்.