விலக்கும் விசை எலக்ட்ரான்களை எப்படி இணைக்கிறது?

உயர்வெப்ப மீக்கடத்திகளில், அதாவது பிற மீக்கடத்திகளைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே மின்தடையை இழக்கும் பொருள்களில், ஸ்பின் அலைவுகள் எலக்ட்ரான்களின் போக்கை எவ்வாறு மாற்றுகின்றன என்பது கேள்வி. ஸ்பின் என்பது எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும் பண்பு; அதன் திசை ஏற்ற இறக்கம் கொள்வதே ஸ்பின் அலைவு. எலக்ட்ரான்கள் இணைசேர்ந்தால்தான் மீக்கடத்தல் உண்டாகும். இதைப் படிக்கத் தொடங்கியபோது என்னை நீண்ட நாள் தடுத்து நிறுத்தியது ஒரே ஓர் ஐயம்: ஸ்பின் அலைவுகளால் எழுவது அடிப்படையில் விலக்கு விசை என்றால், அது எலக்ட்ரான்களை எப்படி இணையாக்கும்?

இவ்வகை மீக்கடத்திகளுக்கு மூலமான லாந்தனம் தாமிர ஆக்சைடில், தாமிரமும் ஆக்சிஜனும் அமைந்த ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். தாமிர அணு ஒவ்வொன்றிலும் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று உண்டு. ஓரணுவில் இரண்டு சேர்ந்திருக்க மிகுந்த ஆற்றல் வேண்டும் என்பதால் அவை இடம்பெயராமல் நிற்கின்றன. அவற்றின் ஸ்பின்களோ சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மேலும் கீழுமாக மாறி மாறி அமைகின்றன. லாந்தனத்தில் சிறு பகுதிக்குப் பதிலாக ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், உண்டாகின்றன. துளை ஒரு கட்டம் நகரும்போது, அந்த அடுத்த கட்டத்தில் இருந்த எலக்ட்ரான் தன் ஸ்பினோடு தவறான கட்டத்துக்கு வந்துவிடுகிறது. துளை போகும் வழியெங்கும் ஒழுங்கு குலைகிறது. சுமார் 2 விழுக்காடு துளைகளிலேயே நெடுந்தொலைவுக் காந்த ஒழுங்கு மறைந்துவிடும். ஆயினும் அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க முனைவது நின்றுவிடுவதில்லை. அது அலைவுகளாகத் தொடர்வதை நியூட்ரான்களைப் பொருளின்மீது செலுத்தி அவை சிதறுவதை அளக்கும் நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் காட்டுகின்றன.

என் ஐயத்துக்கான விடை இந்த மாறி மாறி வரும் அமைப்பிலேயே இருந்தது. ஓர் எலக்ட்ரான் தன்னைச் சூழ்ந்த ஸ்பின்களில் உண்டாக்கும் குலைவை மற்றொன்று உணர்கிறது. எதிரெதிர் ஸ்பின் கொண்ட அவ்விரண்டும் ஒரே அணுவில் இருந்தால் விலக்கு, அடுத்தடுத்த அணுக்களில் இருந்தால் ஈர்ப்பு. ஆகவே இரண்டும் ஒரே அணுவில் சேர்வதைத் தவிர்க்கும் வகையில், இணையின் அலைச்சார்பு (இணையின் குவாண்டம் நிலையை விவரிக்கும் சார்பு) ஓர் அச்சின் திசையில் நேர்க்குறியும் அதற்குச் செங்குத்தான அச்சில் எதிர்க்குறியும் பெற்று, மூலைவிட்டத் திசைகளில் சுழியாகிறது. இதுவே டி-அலை இணைப்பு. மற்றோர் உயர்வெப்ப மீக்கடத்தியான இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடின் வளையங்களில், மீக்கடத்தி வளையத்தில் வழக்கமாக அமையும் காந்தப் பாயத்தின் மிகச்சிறு அலகில் பாதி, அதாவது பாதிக் காந்தப் பாயக் குவாண்டம், 1994-ல் காணப்பட்டபோது இக்குறிமாற்றம் நேரடியாகவே உறுதியானது.

எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. மூலைவிட்டத் திசையில் செல்பவை ஓரளவு தடையின்றிச் செல்ல, தாமிர-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் செல்பவை கடுமையாகச் சிதறுகின்றன. இணைப்பில் ஃபோனான்களுக்கும், அதாவது படிகத்தின் அணு அதிர்வுகளுக்கும், பங்குண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவர்களின் சான்றுகளைப் புறந்தள்ள முடியாது. எனினும் குறிமாற்றத்தை இவ்வளவு இயல்பாக விளக்குவது ஸ்பின் அலைவுகளே என்பது என் கருத்து.

இத்தாக்கம் ஒருவழிப் பாதையும் அன்று. அதே இட்ரியம் சேர்மம் சுமார் 93 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியானதும், 41 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவில் கூர்மையான ஸ்பின் ஒத்ததிர்வு (ஸ்பின் அலைவுகள் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் வலுவாகக் குவிவது) ஒன்று நியூட்ரான் அளவீட்டில் தோன்றுகிறது; இணைசேர்ந்த எலக்ட்ரான்கள் இப்போது ஸ்பின் அலைவுகளையே மாற்றியமைக்கின்றன.