வாசகர் கேள்வி–பதில்: டேப் மாறினால் தூங்கிப்போகும் கிளிக்கர் கேம்

கேள்வி: பெயர் எழுதினால் அந்த ஆள் இறந்துபோகும் குறிப்பேட்டைப் பற்றிய 'டெத் நோட்' அனிமேயை வைத்து நானும் தம்பியும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கிளிக்கர் கேம் செய்கிறோம். ஒரு கிளிக்குக்குக் குறிப்பேட்டில் ஒரு பெயர் ஏறும். சேரும் புள்ளிக்கு, தானாகப் பெயர் எழுதும் உதவியாளர்களை வாங்கலாம். ஒவ்வொரு முறையும் விலை 15 கூடும். பத்து நிமிடத்தில் கேம் சப்பென்று முடிந்துவிடுகிறது. வேறு டேப்புக்குப் போனால் புள்ளி சரியாக ஏறுவதில்லை. 120 புள்ளியோடு மூடி, மறுநாள் திறந்து ஒரு கிளிக் செய்தால் 1201 காட்டுகிறது. எங்கே பிழை?
— வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: 1201 சின்னப் பிழைதான். பிரவுசர் தகவலைச் சேமித்துவைக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜ் எதையும் எழுத்தாகவே வைத்திருக்கும். அந்த 120ஐ எண்ணாக மாற்றாமல் 1ஐக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுத்தவுடனே 'நம்பர்' கட்டளையால் எண்ணாக்குங்கள்.

கேம் சீக்கிரம் முடியாமலிருக்க, விலையைக் கூட்டாமல் பெருக்குங்கள். 2013இல் வந்த 'குக்கி கிளிக்கர்' கேம் விலையை ஒவ்வொரு முறையும் 1.15ஆல் பெருக்குகிறது. 15இல் தொடங்கினால் 51ஆவது உதவியாளர் உங்கள் கணக்கில் 765. பெருக்கினால் ஏறத்தாழ 16,255.

டேப் விஷயம்தான் பலரைக் குழப்புவது. மறைந்திருக்கும் டேப்பின் டைமரை பிரவுசர் விநாடிக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிடும். குரோமில் ஐந்து நிமிடம் போனால் நிமிடத்துக்கு ஒரு தடவைகூட ஆகலாம். விநாடிக்குப் பத்துத் தடவை புள்ளி சேர்க்கும் கேமில் அப்போது 600இல் ஒரு பங்குதான் ஏறும். ஆகவே டைமர் எத்தனை தடவை ஓடியது என்று எண்ணாதீர்கள். கடைசியாகக் கணக்குப் பார்த்த நேரத்தைக் குறித்துவைத்து, 'டேட்.நவ்' தரும் இப்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். வருவது மில்லிவிநாடி, 1000ஆல் வகுத்து, விநாடிக்குரிய புள்ளியால் பெருக்குங்கள். போன் கடிகாரத்தை முன்னே தள்ளி ஏமாற்றுவார்கள், ஒரே தடவையில் எட்டு மணிநேரத்துக்குரிய புள்ளிக்கு மேல் தராதீர்கள். கழித்தது மைனஸில் வந்தால் பூச்சியம்.

கதையில் பெயர் எழுதி 40 விநாடி கழித்தே மரணம். அதைக் கேமிலும் கொண்டுவாருங்கள், காத்திருப்பில்தான் அந்தக் கதையின் பயம் இருக்கிறது. ஆனால் பெயருக்கொரு டைமர் வைத்தால் உதவியாளர்கள் பெருகும்போது பழைய போன் திணறும். ஒரே விநாடியில் எழுதிய பெயர்களை ஒரு தொகையாக, நேரத்தோடு வரிசையில் போடுங்கள். 40,000 மில்லிவிநாடி தாண்டிய தொகையை மட்டும் புள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது இந்த வரிசையையும் சேமிக்க மறக்க வேண்டாம்.

பெயர்களை நீங்களே கற்பனையாக உருவாக்கிக் கொடுங்கள். விளையாடுபவர் தட்டச்சு செய்யும் பெட்டி வைத்தால் வகுப்புத் தோழர் பெயர்தான் முதலில் விழும். அது ஒரு பிள்ளையை உண்மையாகவே நோகடிக்கும்.