கணவர் முன்பே போய்விட்டார், மாமனார் வீட்டில் எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: பெரம்பூரில் இருப்பது என் மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. என் கணவர் 2019-ல் இறந்துவிட்டார். போன வருடம் மாமனாரும் உயில் எழுதாமல் காலமானார். மாமியார், கொழுந்தன், கல்யாணமான நாத்தனார் இருக்கிறார்கள். "அண்ணனே இல்லை, அப்புறம் உங்களுக்கு ஏது பங்கு அண்ணி?" என்று சொல்லி, கொழுந்தன் ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. நாங்கள் இந்துக்கள்.
- வாசகி, சென்னை

பதில்: சகோதரி, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனுக்கு முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். வீடு நாலு பங்காகும்: மாமியார், கொழுந்தன், நாத்தனார் ஆளுக்கு ஒன்று, உங்கள் கணவர் கிளைக்கு ஒன்று. அந்தக் கால் பங்கு உங்கள் மூவருக்கும் சமம், அதாவது ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பாகம். 'நாத்தனாருக்குத்தான் நகை போட்டாயிற்றே' என்ற பேச்சும் செல்லாது.

அந்தப் பத்திரத்தின் தலைப்பைப் படித்துப் பாருங்கள். 'விடுதலைப் பத்திரம்' என்றிருந்தால் உங்கள் பங்கையே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பொருள். பதிவாகிவிட்டால் மீட்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பிள்ளைகள் மைனர்கள், அவர்கள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயே ஆனாலும் எழுதிக் கொடுக்க முடியாது. இதைக் கொழுந்தனிடம் நேராகவே சொல்லுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு அவர் மனுப் போட்டிருந்தால், தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் மூன்று பெயரும் விடுபட்டிருந்தால், கணவரின் இறப்புச் சான்றிதழை வைத்துத் தாசில்தாரிடம் எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கே மனசுக்குக் கஷ்டம். மாமியாரின் கால் பங்கு அவருடைய சொந்தச் சொத்து, யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் அதில் உங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் இடத்துப் பங்கு வரும், மருமகளுக்கு வராது. அவரோடு உறவை விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் ஒத்துவந்தாலும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் முன், மைனர்கள் பங்கைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குதான். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இரண்டு இறப்புச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்வாருங்கள்.